குறிப்பு ஏழு: இதர செலவுகள்

காலணிப் பெட்டி ஒன்றை நீட்டினார் லாய் பெங்.
மூன்றாண்டுக் கணக்கும் இதற்குள் இருக்கிறதாம்.
சுங்கை தெங்காவில் அடைமழை.
தகரக் கூரைக்கடியில் எழுபத்தொன்பது நாய்கள்
ஒரே மூச்சில் என்னை யாரென்று கேட்டன.
கணக்குப் பார்க்க வந்தவன் என்றேன்.
ஒன்றுகூட நம்பவில்லை.

பெட்டிக்குள் ரசீதுகள், பாதிக்கு மேல் வெளுத்துப்போய்.
சூட்டில் அச்சாகும் தாளுக்குச் சூடே பகை,
இந்த ஊரில் எத்தனை மாதம் தாங்கும்?
விளக்கருகே சாய்த்துப் பிடித்தால்
ஒரு புள்ளி தெரிகிறது, அதன் முன்னால் ஓர் ஐந்து.
ஐந்து டாலரா, ஐந்நூறா,
வாய் திறக்க மறுக்கிறது தாள்.

ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கம்.
குறிப்பு ஏழு: இதர செலவுகள்,
நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது.
அதற்குக் கீழே குறிப்பென்று ஏதுமில்லை.
எவரும் படிக்கலாம் இதை,
பதிவேட்டில் பெயரைத் தட்டினால் போதும்.
எவரும் தட்டியதில்லை போலும்.
ஒரு கூட்டல் பிழை
மூன்றாண்டாக அதே இடத்தில்
வாலாட்டிக்கொண்டு நிற்கிறது.

லாய் பெங்கைச் சந்தேகிக்கவில்லை என்றால் பொய்.
ஒரு மதியம் முழுக்கச் சந்தேகித்தேன்.
அவர் செருப்பைப் பார்த்தேன்,
கைப்பேசியின் விரிசலைப் பார்த்தேன்,
பார்த்ததற்காக வெட்கப்பட்டேன்.
பிறகு அந்த வெட்கத்தையும் ஒதுக்கிவைத்தேன்.
தேய்ந்த செருப்பு தணிக்கைச் சான்று ஆகாது.
கை சுத்தம். பேரேடு அப்படியில்லை.

சுங்கை என்றால் மலாயில் ஆறு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.
சொன்னேன்.
அளந்துதான் போட்டேன் என்றார், கண்ணால்.
பிறகு நாய் நாயாக ஒப்பிக்கத் தொடங்கினார்:
கறுப்பிக்குப் பல் பிடுங்கியது,
நள்ளிரவு டாக்சி, ஈரநாய்க்கு மேற்கூலி,
பெட்டி பெட்டியாய்க் கோழிக்கழுத்து,
காயாவுக்கு இடுப்பில் அறுவை, இரண்டாயிரத்து எண்ணூறு.
மருத்துவர் பாதி விலையில் செய்தாராம்,
ரசீது கேட்கக் கூச்சமாம்.

காயா எது என்று கேட்டேன்.
எந்தக் கூண்டையும் அவர் காட்டவில்லை.

போன ஆண்டு ஜூன்.

அறிக்கையில் நாய்கள் எண்பது.
அந்த ஒன்று எங்கே போயிற்றென்று
காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.
நன்கொடைப் பட்டியலில் காயா நன்றாகவே இருந்தது.
ஈசூனில் பேருந்து ஓட்டும் சந்திரகாசன்
மாதம் இருபத்தைந்து டாலர் அனுப்புகிறார்,
"காயாவின் கோழிக்கு" என்று குறித்து.
பதினாறு மாதம். நானூறு டாலர்.
இறந்த நாய்க்கு ஒருவேளைகூடத் தவறவில்லை.

சொல்லத்தான் ஒவ்வொரு மாதமும் போனை எடுப்பேன், என்றார் லாய் பெங்.
எடுக்கிறபோது இன்னொன்று குரைக்கும்.

குறிப்பு ஏழின் விளக்கம் அதுதான்.
அதை அப்படியே அறிக்கையில் எழுத முடியாது.
எழுதியது இது: ரசீது உள்ளவை, ரசீது அழிந்தவை,
ரசீதே வாங்காதவை. மூன்று வரி, மூன்று தொகை.
மூன்றாவது தொகை பெரியது.
கையெழுத்திடும்போது அவர் பேனா ஒருமுறை நின்றது.
இதைப் பார்த்தால் யாராவது கொடுப்பார்களா, என்றார்.
தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

சந்திரகாசனை நான்தான் அழைத்தேன்.
பணிமனையில் இருந்தார், பின்னால் கதவுகள் பெருமூச்சு விட்டன.
எல்லாம் சொன்னேன்: ஜூன், இடுப்பு, நானூறு,
வேண்டுமென்றால் திருப்பித் தருவோம் என்பதையும்.
நெடுநேரம் கழித்து ஒன்றே கேட்டார்:
"அந்தக் கோழியை யார் சாப்பிட்டது?"
பெட்டியில் தேடினேன். அதற்கும் தாள் இல்லை.

இந்த மாதமும் இருபத்தைந்து வந்திருக்கிறது.
குறிப்புக் கட்டம் காலி.
எந்தப் பெயரில் வரவு வைப்பதென்று
கடிதம் போட்டிருக்கிறேன்.
பதில் வரும்வரை
அனாமத்து.